தேய்க்காமலே பளபளத்த சொம்பு

பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருபத்தைந்து வருஷமாகச் செம்புக் குழாய்களை ஆசிட்டில் முக்கிச் சுத்தம் பண்ணுகிறவன் நான். அப்படிப்பட்டவன், எலுமிச்சைச் சாற்றைச் செம்புச் சொம்பில் ஊற்றி, சாயங்காலம் வரை ஊறவைத்து, பதினாறு நாள் குடித்தேன். சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

எல்லாம் காலுக்காகத்தான். காவிரிப் பாலத்தில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. ஏழு மாதமாகியும் சேரவில்லை. ஒவ்வொரு எக்ஸ்ரேயிலும் அதே கறுப்புக் கோடு. டாக்டர் கோட்டைப் பார்ப்பார், என்னைப் பார்க்க மாட்டார். “இடுப்பெலும்புலேருந்து கொஞ்சம் எடுத்து வெச்சு இன்னொரு ஆபரேஷன் பண்ணலாம். அதுவும் சேரலைன்னா…” என்று நிறுத்திக்கொண்டு தேதி குறித்தார்.

என்னைப் பார்க்க ஸ்ரீரங்கம் வீட்டுக்கு அக்கா மகள் வந்தாள். ஒரு கல்லூரி ஆய்வகத்தில் எலும்பு வளர்க்கத்தான் ஆராய்ச்சி பண்ணுகிறாள்.

“முறிஞ்ச இடத்துல துளியூண்டு செம்பு இருந்தா அங்க ரத்தக் குழாய் வரும், எலும்பும் வளரும் மாமா. பெப்டைடுன்னு குட்டிப் புரதத் துண்டு, அது செம்பைப் புடிச்சு வெச்சுக்கும். அதை ஒரு சர்க்கரைச் சங்கிலியோட கோத்து ஜெல்லா பண்றோம். இறால் ஓட்டுலேருந்து எடுக்கற சங்கிலி.”

“பெருமாளே! ஸ்ரீரங்கத்துல உக்காந்துக்கிட்டு இறால் ஓடா?”

“எலிக்குத்தான் வெக்கறோம், உங்களுக்கு இல்ல. அளவு தாண்டினா செல்லே செத்துடும் மாமா.”

என் மண்டையில் ஒட்டியது செம்பு மட்டும்தான். பூஜை அலமாரியில் ஒரு சொம்பு இருந்தது. வெறும் தண்ணீரில் செம்பு கரையாது, புளிப்பு வேண்டும் என்று தொழில் தெரிந்த மூளை கணக்குப் போட்டது. டீச்சரான மனைவி ஸ்கூலுக்குப் போனதும் ஊற்றி வைப்பேன். சாறு லேசாகப் பச்சை தட்டும். நாக்கில் பழைய காசைச் சப்பிய ருசி.

வெள்ளிக்கிழமை மனைவி சொம்பைப் புளி போட்டுத் தேய்க்க எடுத்தாள். “என்னங்க, இது தேய்க்காமலே உள்ள பளபளன்னு இருக்கு!”

“பெருமாள் கடாட்சம்” என்றேன். உள்ளே இருந்த செம்பு எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். சந்தோஷமாகக்கூட இருந்தது.

அடுத்த வாரமும் அதே பளபளப்பு. இந்த முறை அவள் சொம்பையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். எனக்குச் சோறு இறங்குவது குறைந்திருந்தது. பதினேழாம் நாள் காலையில் வாந்தி, பாசி நிறத்தில். கண்ணாடியில் பார்த்தால் கண் மஞ்சள்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். “ஈரல் அடி வாங்கியிருக்கு. இது தேறாம மயக்க மருந்து குடுக்க முடியாது” என்றார் டாக்டர். ஆபரேஷன் தேதி போயிற்று. அடுத்தது எப்போது என்று அவர் சொல்லவில்லை. புது எக்ஸ்ரேயில் கோடு இன்னும் அகலமாகத் தெரிந்தது.

அக்கா மகள் வந்து, கட்டில் பக்கத்தில் நின்றபடி நான் சொன்ன எல்லாவற்றையும் கேட்டாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“செம்பு அவுத்துக்கிட்டு ஓடிடக்கூடாதுன்னுதான் மாமா நாங்க அதைக் கட்டி வெக்கறோம். எலிக்கே அளந்துதான் குடுக்கறோம். இனிமே நடக்க முடியாமப் போனா, காலைக் குறை சொல்லாதீங்க.”