ரத்தம் கழுவும் அத்தான்

எங்கள் அத்தானுக்கு வீட்டில் ஒரு டம்ளர் கழுவத் தெரியாது. அவர் கழுவியதை அக்கா இன்னொரு தடவை கழுவுவாள். ஆஸ்பத்திரியிலோ இருபத்திரண்டு வருஷமாக அவருக்குக் கழுவுகிற வேலைதான். இதய ஆபரேஷனில் மார்புக்குள் கசிகிற ரத்தத்தைக் குழாயால் உறிஞ்சி, இயந்திரக் கிண்ணத்தில் சுழற்றி, சலைன் என்கிற உப்புநீர் விட்டு அலசி, மிஞ்சும் சிவப்பணுக்களைப் பையில் பிடித்து அதே நோயாளிக்குத் திருப்பி ஏற்ற வேண்டும். தியேட்டரில் அவர் பட்டப்பெயர் 'லாண்டரி'.

அவருக்கு ஒரு பழக்கம். கிண்ணம் சுழலும்போது ரத்தத்தோடு பேசுவார். முகமூடிக்குள் உதடு மட்டும் அசையும், பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்காது. "இதோ முடிஞ்சிடுச்சு. வீட்டுக்குப் போலாம், வா." ஏன் என்று கேட்டால், "வெளிய வந்துட்டா அதுக்கு வழி தெரியாதுடா" என்பார். நான் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். இப்போது சிரிப்பதில்லை.

வால்வு மாற்ற ஒரு தையல் டீச்சர் வந்தார். அவருக்கு லேசில் எவருடைய ரத்தமும் ஒத்துக்கொள்ளாது. எங்கெங்கோ தேடி ஒத்துப்போகிற ரத்தம் இரண்டே பைதான் கிடைத்தது. அதற்கு மேல் போனால் அவர் ரத்தமே அவருக்குக் கதி.

முதல் நாள் மாலை அத்தான் போய் விவரம் சொன்னார். டீச்சர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"வெளிய எடுத்த பிறகும் அது நான்தானே, தம்பி?"

"நீங்கதாம்மா."

"அப்ப அது முன்னாடி பார்த்துப் பேசுங்க. கேட்கும்."

"மயக்கம் குடுத்துடுவாங்க. உங்களுக்கு ஒண்ணும் கேட்காது."

"எனக்கு இல்ல தம்பி. அதுக்கு."

தன் பழக்கத்தை ஆஸ்பத்திரியில் யாரிடமும் அவர் சொன்னதில்லை. அன்று வீட்டில் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை டீச்சரின் இதயத்தை நிறுத்தி, அதன் வேலையை ஒரு இயந்திரத்திடம் விட்டார்கள். திரையில் கோடு நேராக ஓடியது. அத்தானின் கிண்ணம் சுழன்றது. அலசுவதற்கான சலைன் பையை மாட்டுமுன் லேபிளை உரக்கப் படிக்க வேண்டும், நர்ஸ் பார்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். அது அவரே போட்ட சட்டம். அன்று அவர் கண் கிண்ணத்தை விட்டு நகரவில்லை. கை தானாக ஒரு பையை எடுத்தது, வாய் தானாக "சலைன்" என்றது. பஞ்சு எண்ணிக்கொண்டிருந்த நர்ஸும் திரும்பாமல் "சலைன்" என்றாள். அது கருவிகளை அலச வைத்திருந்த வெறும் தண்ணீர். பை ஒரே அளவு, ஒரே உறை.

வெறும் தண்ணீர் பட்டால் சிவப்பணு ஊதி வெடித்துவிடும். அத்தான் வழக்கம்போல், "வீட்டுக்குப் போலாம், வா" என்றார். கடைசியில் நிறமில்லாமல் ஓட வேண்டிய கழிவுக் குழாய் சிவப்பாகவே ஓடியது. நிறைந்த பையை விளக்குக்கு நேரே தூக்கினார். கெட்டியாக இருக்க வேண்டியது தெளிந்திருந்தது. அதற்குப் பின்னால் தன் விரல்கள் ஐந்தும் தெரிந்தன. கொக்கியில் தொங்கிய பையின் லேபிளை அப்போதுதான் படித்தார்.

பேசாமல் மாட்டியிருந்தால் யாருக்கும் தெரியாது. டீச்சரின் சிறுநீரகம் பாழாகியிருக்கும்.

"டாக்டர், தப்பு பண்ணிட்டேன். தண்ணியில கழுவிட்டேன். இந்தப் பை ஆகாது."

டாக்டர் தலையைத் தூக்கவில்லை. "இருக்கிற ரெண்டு பையையும் ஏத்துங்க. இனிமே வர்றதையாவது ஒழுங்கா கழுவு."

அத்தான் நடைக்கோடியில் கழிவு கொட்டும் அறையின் தொட்டியில் அதைக் கொட்டினார். பை சில்லென்று இருந்தது. திரும்பி வந்து லேபிளை உரக்கப் படித்து மிச்சத்தைக் கழுவினார், அதோடு பேசவில்லை. இரண்டு பையும் தீர்ந்து, கழுவியதில் கடைசிச் சொட்டும் இறங்கிய பிறகுதான் டீச்சரின் இதயம் தானாகத் துடித்தது. மயிரிழையில் பிழைத்தார்.

மூன்றாம் நாள் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று கட்டிலருகே போனார். எப்படி ஆரம்பிப்பது என்று தவித்து நின்றபோது டீச்சர் கண் திறந்தார்.

"வீட்டுக்குப் போலாம்னு சொல்லிட்டு ஏன் தம்பி கொட்டிட்டீங்க?"

அத்தான் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். பிறகு ஒன்று விடாமல் சொல்லி மன்னிப்புக் கேட்டார். டீச்சர் கோபித்துக்கொள்ளவில்லை.

"எங்க கொட்டினீங்க?" என்று மட்டும் கேட்டார். அத்தான் அதையும் சொன்னார்.

விசாரணை வைத்து அத்தானை ஒரு மாதம் ஸ்டோர் ரூமில் உட்கார வைத்தார்கள். திரும்பி வந்தவர் லேபிளை இரண்டு தடவை படிக்கிறார், ரத்தத்தோடு பேசுவதில்லை. டீச்சர் செக்கப்புக்கு வருகிறார், உடம்பு நன்றாகவே தேறிவிட்டது. வரும்போதெல்லாம் டாக்டரைப் பார்க்குமுன் நேரே அந்த நடைக்கோடி அறைக்குப் போகிறார். ஒரு நாள் அத்தான் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். டீச்சர் தொட்டியின் மேல் குனிந்து, தொலைந்த குழந்தையைக் கூப்பிடுகிற மாதிரி மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வீட்டுக்குப் போலாம், வா."