மன்னரின் பட்டங்கள்

தொண்ணூறுகளில் நான் புனேயில் ஓர் ஆங்கில நாளிதழில் துணையாசிரியராக இருந்தேன். அடுத்த மேஜையில் ஸ்டெல்லா. புறநகர் தாபோடியிலிருந்து வரும் தமிழ்ப் பெண். என்னைவிட ஒன்பது வயது இளையவள். என்னைவிட நன்றாகத் தலைப்பு எழுதுவாள். அவளை யார் பாராட்டினாலும் எனக்கு அன்று முழுவதும் சாப்பாடு இறங்காது.

ஓர் அரபு நாட்டின் அரசுச் செய்தி நிறுவனம் தன் ஆங்கிலப் பிரிவுக்கு ஒரே ஓர் ஆளைத் தேடி புனேக்கு வந்தது. இருவரும் விண்ணப்பித்தோம். வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு ஒரு ஹோட்டலில் தேர்வு. ஹோட்டல் வாசலில் ஸ்டெல்லா என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, ராஜா பேருக்கு முன்னாடி வர்ற பட்டம் ஒண்ணையும் வெட்டிடாதீங்க. அங்க அது பெரிய குத்தமாம். அந்த ஊர் பிரஸ்ல இருந்த எங்க சித்தப்பா சொன்னாரு."

"சரிம்மா" என்றேன். என்னைக் கவிழ்க்கப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் கேள்வியே அந்நாட்டு மன்னர் அனுப்பிய வாழ்த்துச் செய்தியைத் திருத்துவது. மூன்று வரிக்குப் பட்டங்கள். வெட்டிச் சுருக்குவதுதானே எங்கள் தொழில்? எல்லாவற்றையும் அடித்துவிட்டு 'மன்னர்' என்று மட்டும் விட்டுவைத்தேன். தாளைத் திருத்திய அவர்கள் அதிகாரி அந்த வரியில் விரலை வைத்தார். மேலே படிக்காமல் தாளை மூடினார்.

வேலை ஸ்டெல்லாவுக்குக் கிடைத்தது. விடைபெற வந்தவளிடம் பட்டங்களை வெட்டியதைச் சொன்னேன். "நான் சொன்னேனேக்கா, மறந்துட்டீங்களா?" என்று கண் கலங்கினாள்.

"ஆமாம்மா, மறந்துட்டேன்."

நான் மறக்கவில்லை. அந்த விஷயம் எனக்கு மட்டும் தெரிந்திருந்தால் அவளிடம் சொல்லியிருக்க மாட்டேன். அதனால்தான் அவள் சொன்னதை என்னால் நம்ப முடியவில்லை. பிறகு அவளுக்கு எத்தனையோ கடிதம் எழுதினேன். இதை மட்டும் எழுதத் துணிவு வரவில்லை.