துரு தேடும் தெல்மா

தகட்டைக் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் திருப்புளியை எடுப்பாள் தெல்மா பூத். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தபடி, கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டிச் சட்டத்தை அங்குலம் அங்குலமாகக் குத்திக்கொண்டே போவாள். நல்ல இரும்பாயிருந்தால் திருப்புளி டிங்கென்று துள்ளித் திரும்பும். அரித்த இடமாயிருந்தால் நறுக்கென்று உள்ளே இறங்கும்; முகத்தில் பழுப்புத் தூள் கொட்டும். அந்த நேரத்தில் இந்த வேலை பார்க்கிற எல்லோர் வாயிலும் கெட்ட வார்த்தைதான் வரும். தெல்மா மட்டும் "அப்பாடா" என்பாள்.

எழுபதைத் தாண்டியவள். பீங்கானுக்குப் பேர்போன ஆங்கிலேய நகரமான ஸ்டோக்கில், லாங்டன் பக்கத்து வரிசை வீடுகளின் பின்சந்தில் அவளுடைய ஷெட் இருக்கிறது. வாழ்நாளெல்லாம் பீங்கான் ஆலையில் தேநீர்க் குவளைகளுக்குக் கைப்பிடி ஒட்டியவள். குழைத்த களிமண்ணைத் தடவி, ஒரே அழுத்தில் ஒட்டி, பிதுங்கியதைச் சுண்டுவிரலால் வழித்துவிட வேண்டும். கோணிக்கொண்டால் குவளையே வீண். அந்தக் கைதான் இப்போது வெல்டிங் துப்பாக்கியைப் பிடிக்கிறது. "ரெண்டு பக்கமும் சுத்தமா இருந்தா போதும், எதையும் எதோடயும் ஒட்டிடலாம்" என்று சொல்லிக்கொண்டே கம்பி பிரஷ்ஷால் தகட்டைத் தேய்ப்பாள். தகடு வெட்டுவதற்கு முன் மாதிரி வெட்டிப் பார்ப்பதெல்லாம் காலை உணவுப் பெட்டியின் அட்டையில்தான். ஷெட்டின் சுவரெங்கும் அப்படி வெட்டிய அட்டைகள் ஆணியில் தொங்குகின்றன. எது எந்த இடத்துக்கானது என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

வண்டி, துணிக்கூரை போட்ட பச்சை மோரிஸ் மைனர் கார். அவள் கணவர் நார்மனுடையது. நிலக்கரிச் சுரங்கப் பட்டறையில் வெல்டராக இருந்த மனிதர், ஓய்வு பெற்ற கையோடு அதைப் பிரித்துப் போட்டார். பிரித்தது வரைக்கும் சரி. திரும்பக் கோப்பதற்குள் அவருடைய ஞாபகம் கழன்றுகொண்டது. முதலில் நட்டுகளை எங்கே வைத்தோம் என்பது மறந்தது, பிறகு வீட்டுக்கு வரும் வழி, பிறகு தெல்மா.

சுரங்கம் மூடி, அந்த இடத்தில் ஒரு பெரிய அங்காடி வந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. நார்மன் அதன் வாசலில் போய் நின்று, தள்ளுவண்டியோடு வருகிறவர்களிடம், "ஷிஃப்டு இன்னும் விடலியா?" என்று கேட்பார். மழையில் நனைந்து நின்றவரை தெல்மா பலமுறை கைபிடித்துக் கூட்டி வந்திருக்கிறாள். அவர் மரியாதையாகத்தான் வருவார். தெரியாத ஒரு பெண்மணி சிரமப்பட்டு வழிகாட்டுகிறாளே என்று வழியெல்லாம் நன்றி சொல்வார். அந்த நன்றியைக் கேட்க அவளுக்குப் பொறுக்காது.

எப்படியாவது அவரை ஓரிடத்தில் உட்காரவைக்க வேண்டும் என்றுதான் ஷெட்டைத் திறந்தாள். பழைய காரின் அடியில் வெல்டிங் செய்யும்போது மேலே பொறி பட்டு எதுவும் தீப்பிடிக்காமல் பார்க்க ஓர் ஆள் வேண்டும். ஒரு மடக்கு நாற்காலி, ஒரு வாளித் தண்ணீர், ஈரச் சாக்கு. நார்மனை உட்காரவைத்து, "நெருப்புக் காவல் உங்களுது" என்றாள். நிமிர்ந்து உட்கார்ந்தார். வேலை என்று ஒன்று கொடுத்ததும் அவருக்கு எழுந்து போகத் தோன்றவில்லை.

வெல்டிங்கை அவள் மாலை வகுப்பில் கொஞ்சம், கெடுத்துக் கெடுத்துக் கொஞ்சமாகக் கற்றாள். முதலில் கெடுத்தது சின்னக் கெடுதல் இல்லை. இரும்புக் கூரை இல்லாத வண்டிக்கு, கதவுக்குக் கீழே ஓடும் அந்தச் சட்டம்தான் முதுகெலும்பு. அதை அறுப்பதற்கு முன் கதவை மாட்டி, கதவு வாசலுக்குக் குறுக்கே ஒரு கம்பியை முட்டுக் கொடுத்து நிறுத்த வேண்டும். தெல்மா கதவைக் கழற்றி ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு, இரண்டு பக்கச் சட்டத்தையும் ஒரே நாளில் அறுத்தாள். புதுச் சட்டத்தை வைத்து அழகாக ஒட்டியும் முடித்தாள். கதவைத் தூக்கி மாட்டினால் மூடவில்லை. வண்டி நடுவில் தொய்ந்துபோயிருந்தது.

வெல்டிங் முகமூடியை மறுபடி இறக்கிக்கொண்டு, வண்டிக்கடியில் போய்க் கிடந்து அழுதாள். அப்போதுதான் நாற்காலியிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

"டேய் பையா, கதவை மாட்டாம சட்டத்துல கை வெச்சியா? உன்னை எவன்டா வேலைக்கு எடுத்தான்? கதவை மாட்டு, இடுக்கு சரியா இருக்கான்னு பாரு, முட்டுக் குடு, அப்புறம் அறு. எடுடா, மொத்தத்தையும் எடு. முதல்லேருந்து வா."

மாதக்கணக்கில் அவர் அவ்வளவு பேசியதில்லை. தெல்மா தடுமாறி வெளியே வந்து, சந்தோஷத்தில் முகமூடியைத் தூக்கினாள். நார்மனின் சிரிப்பு நின்றுவிட்டது. எழுந்து கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"மன்னிக்கணும்மா. நீங்க இருக்கறது தெரியாமப் பேசிட்டேன். என் வீட்டுக்காரியை இந்தப் பக்கம் எங்கயாவது பாத்தீங்களா?"

தெல்மா முகமூடியை இறக்கினாள்.

"எங்கடா போயிட்டே?" என்றார் நார்மன்.

அன்றிலிருந்து ஷெட்டுக்குள் அவள் முகம் காட்டுவதில்லை. தொளதொளவென்று நார்மனின் பழைய நீல வேலை உடுப்பு, தலைமுடியை உள்ளே தள்ளிய கம்பளித் தொப்பி, மேலே முகமூடி. வெல்டிங்குக்கு மட்டுமில்லை, தேய்க்க, அறுக்க, தரையைப் பெருக்கக்கூட அதே முகமூடிதான். குரலைக் கட்டையாக்கிக்கொண்டு "ம்" என்பாள், "சரிங்க மேஸ்திரி" என்பாள். கடவுள் முன்னால் கைப்பிடித்த மனைவிக்கு அவர் வாயிலிருந்து கிடைப்பது "நீங்க". முகம் தெரியாத பையனுக்கு "டேய்". தெல்மா யோசிக்காமல் "டேய்" பக்கம் போய்விட்டாள்.

வெல்டிங்கை அவர் பார்த்துச் சொல்வதில்லை, கேட்டுச் சொல்கிறார். துப்பாக்கியை அழுத்துவதற்கு முன் அவள் "கண்ணை மூடுங்க" என்று குரல் கொடுப்பாள். சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொள்வார்; ஒளி நின்றதும் திரும்பிப் பொறி பார்ப்பார். அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை. "வாணலியில பன்றிக் கறி பொரியற சத்தம் வரணும்டா. இது என்ன, பட்டாசு மாதிரி வெடிக்குது? கம்பி வர்ற வேகத்தைக் குறை... ம். இப்ப வாசனைகூட வருது." மதியம் அந்த ஊர் ஓட்ஸ் தோசையில் பாலாடைக்கட்டியும் பொரித்த கறியும் வைத்துச் சுருட்டி, முகமூடியோடு வந்து ஒன்றை அவர் கையில் கொடுப்பாள். தன் பங்கைச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று தின்பாள்.

சாப்பிடும்போது நார்மன் பையனிடம் மனைவியைப் பற்றிப் பேசுவார்.

"கை எப்பவும் ஜில்லுன்னு இருக்கும்டா அவளுக்கு. நாள் பூரா ஈர மண்ணுல கெடக்குற கை. ராத்திரி என் முதுகுல வெப்பா. திட்டுவேன். ஆனா வெக்கலைன்னா தூக்கம் வராது."

சுவரைப் பார்த்து நின்ற தெல்மா மீதித் தோசையைக் காகிதத்தில் சுற்றி வைத்துவிடுவாள்.

ஒருநாள் இப்படிச் சொன்னார். "அவளுக்குக் கார் ஓட்டணும்னு ஆசைடா. நான்தான் கத்துக் குடுக்கறேன், கத்துக் குடுக்கறேன்னு ஏமாத்திக்கிட்டே வர்றேன். ஓட்டக் கத்துக்கிட்டா என் பக்கத்துல உக்காந்து வருவாளா? தனியாப் போயிடுவா. அவ என் பக்கத்துல உக்காந்து, வழியில இருக்கற பலகையையெல்லாம் சத்தமாப் படிச்சுக்கிட்டே வருவா பாரு, அது எனக்கு வேணும். நீ அவகிட்ட சொல்லிடாதே."

"சொல்ல மாட்டேன் மேஸ்திரி."

எத்தனையோ வருஷம் அதற்காக அவரோடு சண்டை போட்டிருக்கிறாள். கடைசியில் தன்னால் முடியாது என்று அவர் நினைக்கிறார் போலிருக்கிறது என்று தானே விட்டுவிட்டாள். இப்போது வண்டி தயாரானாலும் ஓட்ட ஆளில்லை. அவரால் முடியாது, அவளுக்குத் தெரியாது.

வண்டி தயாராவதில் இன்னொரு சங்கடமும் இருந்தது. மகள் லொரைன் பக்கத்து ஊரான க்ரூவில் இருக்கிறாள். நல்ல பெண்; அம்மாவின் முதுகைப் பற்றியும் அப்பாவின் இரவுகளைப் பற்றியும் உண்மையாகவே கவலைப்படுகிறவள். முதியோரைப் பார்த்துக்கொள்ளும் ஓர் இல்லத்தில் இடம் பிடித்து வைத்துவிட்டு, "எப்பம்மா?" என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டே இருந்தாள். பதில் சொல்ல முடியாமல் தெல்மா ஒருநாள், "வண்டி முடியட்டும். முடிஞ்சதும் அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டாள். அந்த நேரத்தில் வண்டியில் ஓட்டையைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை. அது முடியும் என்று யார் நினைத்தார்கள்?

ஆனால் அவள் கை தேர்ந்துவிட்டது. தொய்ந்த சட்டங்களை வெட்டி எடுத்து, கதவை மாட்டி, முட்டுக் கொடுத்து, நார்மன் சொன்ன மாதிரியே முதலிலிருந்து வந்தாள். கதவு இப்போது ஒரு விரல் தள்ளலில் மூடுகிறது. அடுத்து குறுக்குச் சட்டம், பின்சக்கர ஸ்பிரிங்கான பட்டைவில்லை மாட்டும் தாங்கிகள், தரைத் தகடு. துருவுக்கு ஒரு நல்ல குணம் உண்டு: ஓரிடத்தில் கையை வைத்தால் பக்கத்திலும் இருக்கும். அதை நம்பித்தான் தெல்மா திருப்புளியோடு வண்டிக்கடியில் ஊர்ந்துகொண்டிருந்தாள். ஒரு துளை கிடைத்தால் ஒரு வாரம். அது ஓரத்தில் கிடைத்தால் இரண்டு வாரம். சமீபமாகத் திருப்புளி எங்கே குத்தினாலும் துள்ளித் துள்ளித் திரும்பிக்கொண்டிருந்தது.

பழைய கார் சங்கத்து ட்ரெவர் போன வியாழக்கிழமை வந்தார். முஷ்டி நுழைகிற ஓட்டையைக் காட்டினாலும் "மேலாப்புலதான் கொஞ்சம் துரு" என்று சொல்கிற கூட்டம் அது. ட்ரெவர் அப்படியில்லை. சின்னச் சுத்தியலோடு உள்ளே போனால் ஒவ்வோர் இடமாகத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் வெளியே வருவார். தெல்மாவின் முகமூடியோடு பேசுவதும் அவருக்குப் பழகிவிட்டது.

டிங், டிங் என்று முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரைக்கும் தட்டிக்கொண்டு போனார். நாற்காலியில் நார்மன் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். எங்கேயும் ஒரு பொத்தென்ற ஓசை இல்லை.

"இன்னொரு தடவை பாருங்க. டிக்கிக்கு அடியில" என்றாள் தெல்மா.

"பாத்துட்டேன்."

"பட்டைவில் தாங்கி பக்கம்?"

"கோயில் மணி மாதிரி இருக்கு." ட்ரெவர் வெளியே வந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். "முடிஞ்சிடுச்சு. தார்ப்பூச்சு அடிச்சா ரோட்டுல விடலாம். இதைவிட நல்ல வேலையை நான் பாத்ததில்லை, சத்தியமா. லொரைனை கடைத்தெருவுல பாத்தேன், முடியப் போகுதுன்னு சொன்னேன். ஞாயித்துக்கிழமை வந்து பாக்கறேன்னா. சந்தோஷப்பட்டா பாவம், கண்ணெல்லாம் கலங்கிடுச்சு."

தெல்மா கையுறையைக் கழற்றினாள், மறுபடி மாட்டினாள்.

"முடிஞ்சுதா?" என்று நார்மன் கேட்டார்.

"முடிஞ்சுது நார்மன்" என்றார் ட்ரெவர், பாவம், நல்ல மனதோடு.

நார்மன் எழுந்தார். நாற்காலியை மடக்கிச் சுவரோரம் சாய்த்தார். வாளித் தண்ணீரைச் சந்தில் கொட்டிவிட்டு, அதைக் கவிழ்த்து வைத்தார். வேலை முடிந்த ஆள் செய்கிற எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தார். பிறகு முகமூடிக்கு எதிரே வந்து நின்று கையை நீட்டினார். தெல்மா தன் கையைக் கொடுத்தாள்.

"நல்லா தேறிட்டேடா. முதல் நாளு உன்னைத் துரத்தி விட்டிருப்பேன், தெரியுமா? அந்த டிரைவர் பக்கத்து ஒட்டு இருக்கு பாரு, அதை நானே போட்டிருந்தாலும் அப்படி வந்திருக்காது." கையை விட்டார். "சரி, நான் கெளம்பறேன். பொண்டாட்டி காத்துக்கிட்டு இருப்பா."

சந்துப் பக்கம் நடந்தார். வெளியே தூறிக்கொண்டிருந்தது. ட்ரெவர் என்ன செய்வதென்று தெரியாமல் தெல்மாவைப் பார்த்தார்.

"மேஸ்திரி," என்றாள் தெல்மா. குரல் கட்டையாக வரவில்லை. இருமிச் சரிசெய்துகொண்டு மறுபடி கூப்பிட்டாள். "மேஸ்திரி, இருங்க. இன்னும் ஒரு இடம் இருக்கு."

நார்மன் வாசலில் நின்றார். "எங்கடா?"

தெல்மா கட்டிங் மெஷினை எடுத்துக்கொண்டு வண்டிக்கடியில் போனாள். டிரைவர் பக்கத்துச் சட்டத்தில், அவர் புகழ்ந்த அந்த ஒட்டுக்கு நேராக, சாக்பீஸால் ஒரு நீளக் கட்டம் போட்டாள். ட்ரெவர் குனிந்து பார்த்துவிட்டு, "தெல்மா, அது புதுத் தகடு" என்றார். அவள் ஸ்விட்சைத் தட்டி, சுழலும் தட்டை நல்ல இரும்பின்மேல் வைத்து அழுத்தினாள்.