ஹார்மனின் பிஸ்கட் டப்பா

தனக்கு ஒன்று, எனக்கு ஒன்று எடுத்து வைத்த கையோடு டப்பாவை மூடி, மூடியின்மேல் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டுவார் ஹார்மன். “நீ பள்ளிக்கூடம் முடிச்சு இன்னும் ஒரு வேலையும் பார்க்கல. உனக்கு நியாயமா பாதிதான்” என்பார்.

நெதர்லாந்தில் எங்கள் ஊரான ஸான்டாமில் காபிக்கு ஒரு பிஸ்கட் என்பது எல்லா வீட்டிலும் வழக்கம்தான். ஆனால் பக்கத்து வீட்டு ஹார்மன் பிஸ்கட் தொழிற்சாலையில் அடுப்பு பார்த்தவர். முன்பெல்லாம் அவர் டப்பா எப்போதும் திறந்தே கிடக்கும். வசந்தத்தில் தொழிற்சாலையை மூடினார்கள். முதல் இரண்டு மாதம் சம்பளத்தில் முக்கால் பங்கு உதவித்தொகையாக வந்தது. மூன்றாம் மாதம் அது எழுபது சதவீதமாக இறங்கியதும் டப்பா மூடிக்கொண்டது.

“அஞ்சு சதவீதத்துக்கு பிஸ்கட்டையா பிடிப்பாங்க, கஞ்ச மனுஷா?” என்று கேட்பார் அவர் மனைவி ரின்ஸ்கெ.

“வேலை கிடைக்கட்டும், அப்புறம் பாரு.”

உதவித்தொகை வாங்குகிறவர் விடாமல் வேலை தேடியாக வேண்டும். மற்றவர்கள் கணினியில் விண்ணப்பித்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஹார்மன் தலையைப் படிய வாரிக்கொண்டு சைக்கிளில் நேரே போய்விடுவார். நாய்க் காப்பகத்தைக்கூட விடவில்லை. “நாய்களுக்கு என்னைப் பிடிச்சுப்போச்சு. முதலாளிக்குத்தான் என் வயசு பிடிக்கல” என்று சிரித்துக்கொண்டே திரும்பினார். சிரித்தாலும், இரண்டு வருடத்தில் இந்தப் பணமும் நின்றுவிடும் என்பது அவருக்குத் தெரியும்.

போன மாதம் கால்பந்து கிளப்பில் பான்கேக் சுட ஆள் கேட்டார்கள். சம்பளமில்லாத வேலைக்கும் முன்கூட்டியே அனுமதி வேண்டும் என்று உதவித்தொகை அலுவலகத்துக்குப் போன் போட்டார்.

“கூலி ஏதாவது தருவாங்களா சார்?”

“பட்டாணி சூப் தருவாங்க மேடம். அதைப் பிடிச்சுக்குவீங்களா?”

மறுமுனையில் சிரிப்பு. “நல்லா சாப்பிடுங்க சார்.”

ரின்ஸ்கெ தலையில் அடித்துக்கொண்டார். “சூப் குடிக்க அரசாங்கத்துக்கிட்ட அனுமதி கேட்ட ஒரே ஆளு நீதான்!”

தன் மகனின் ஆட்டத்தைப் பார்க்க வந்த ரொட்டிக்கடைக்காரி ஒருவர், எல்லாம் ஒரே பதமாகச் சிவந்திருந்த அந்தப் பான்கேக்குகளை வெகுநேரம் பார்த்தாராம். பிறகு ஹார்மனின் தொலைபேசி எண்ணை வாங்கிப் போனாராம்.

நேற்று நாங்கள் காபி குடிக்கும்போது போன் வந்தது. ஹார்மன் எழுந்து நின்று, “சரிங்க... திங்கட்கிழமையேவா? வந்துடறேங்க” என்றார்.

“யாரு? என்ன சொன்னாங்க?” என்றார் ரின்ஸ்கெ.

ஹார்மன் டப்பாவை எடுத்து மேசை நடுவில் வைத்தார். மூடியைக் கழற்றி, சமையலறைக்குக் கொண்டுபோய் இழுப்பறைக்குள் வைத்துவிட்டு வந்தார்.