வாய் திறக்காத பத்து நாள்

நம் சபையில் என்னைத் தெரியாதவர்கள் குறைவு. என் குரலைத் தெரியாதவர்கள் யாருமே கிடையாது. மைக் வேலை செய்யாத ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெபம் பண்ண என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தக் குரல் போன வருஷம் ஐப்பசியில் போய்விட்டது. அதனால் இந்தச் சாட்சியை நான் எழுத, என் மனைவி சுகந்தி உங்களுக்கு வாசிக்கிறாள். அன்பானவர்களே, ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்தது எனக்கே இன்னும் முழுசாகப் புரியவில்லை. புரிந்த பிறகு சாட்சி சொல்லலாம் என்று காத்திருந்தால் ஆயுசு போதாது என்று சொல்லி இவள்தான் எழுத வைத்தாள்.

நான் தூத்துக்குடி துறைமுகத்தில் சிக்னல்மேன். கப்பலின் அடிவயிற்றில் சரக்கு வைக்கும் பள்ளத்தை ஹோல்டு என்போம். உயரத்தில் கேபினுக்குள் உட்கார்ந்திருக்கும் கிரேன் ஆபரேட்டருக்கு அந்தப் பள்ளத்துக்குள் நடப்பது தெரியாது. விளிம்பில் நின்று எட்டிப் பார்த்து, தூக்கு, இறக்கு, இடது பக்கம் கொஞ்சம், நிறுத்து என்று அவருக்குச் சொல்வது என் வேலை. பாதி கையால் சொல்வேன், பாதி வாக்கி டாக்கியில். இருபது வருஷமாக மேலே இருப்பவருக்கு நான்தான் கண்.

குரல் போன அன்று மரத்தடி ஏற்றி வந்த கப்பல். கிரேனில் என் சிநேகிதன் சேவியர், திரேஸ்புரத்துக்காரன். இரண்டு மாதமாகவே என் தொண்டை கம்மிக்கொண்டிருந்தது. தூசியும் கத்தலும்தான் காரணம், வேறென்ன இருக்கப் போகிறது என்று விட்டுவிட்டேன். மதியம் மூன்று தடிகளைச் சேர்த்துத் தூக்கும்போது கட்டு ஒரு பக்கமாக நழுவியது. நேர் கீழே மூன்று பேர் நின்றார்கள். வாக்கி டாக்கியை அமுக்கி நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். காற்றுதான் வந்தது. மறுபடியும் கத்தினேன். காற்றுதான். கையை உயர்த்தி ஆட்டினேன், சேவியர் பார்த்துவிட்டான், கிரேன் நின்றது. கீழே நின்றவர்கள் ஓரத்துக்கு ஓடினார்கள். ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. நான் மட்டும் அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

மறுநாளிலிருந்து எனக்குக் கப்பலில் வேலை இல்லை. தொண்டையில் சதை வளர்ந்திருக்கிறது, எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினால்தான் புற்றா இல்லையா என்று சொல்ல முடியும் என்றார் டாக்டர். இன்னொரு டாக்டர் அவசரப்பட வேண்டாம், மருந்தில் கரைகிறதா பார்ப்போம் என்றார். என் அக்கா சாத்தான்குளத்திலிருந்து எண்ணெய்க் குப்பியோடு வந்து இறங்கினாள். ஜெபித்துப் பூசினால் போதும், கத்தி வைப்பது அவிசுவாசம் என்றாள். துறைமுகத்தில் ஒருவர் நாட்டு மருந்து சொன்னார். எங்கள் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. ஒரு கிரேனுக்கு ஒரே ஆள்தான் கை காட்ட வேண்டும். இரண்டு பேர் காட்டினால் ஆபரேட்டர் எதையும் அசைக்காமல் அப்படியே நிறுத்திவிட வேண்டும். எனக்கு நாலு பேர் கை காட்டினார்கள். நான் நின்றுவிட்டேன். மூன்று வாரம் ஒரு முடிவும் எடுக்கவில்லை.

அக்காவைக் கோபப்படுத்தாமல் எண்ணெயையும் பூசவிட்டு, ஆபரேஷனுக்கு நாளும் வாங்கியவள் சுகந்திதான்.

சதையை எடுத்தார்கள். பரிசோதனை முடிவு வரப் பத்து நாள் ஆகும், அதுவரை ஒரு வார்த்தை பேசக்கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்றார்கள். பேசாமல் இருப்பதுகூடப் பெரிசில்லை. எப்படி ஜெபிப்பது என்றுதான் தெரியவில்லை. மனசுக்குள் ஜெபிக்க எனக்கு வராது. வாய்விட்டுக் கூப்பிட்டுத்தான் பழக்கம். சத்தம் இல்லாத ஜெபம் மேலே போய்ச் சேருமா என்று சந்தேகம் வந்துவிட்டது. இத்தனை வருஷம் அவர் கேட்டது என் விசுவாசத்தையா, என் தொண்டையையா என்று குழம்பினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகவில்லை. கூடச் சேர்ந்து பாட முடியாமல் உங்கள் பாட்டைக் கேட்கவே எனக்குப் பயமாக இருந்தது.

மகளுடைய பழைய நோட்டு ஒன்றை எடுத்து, ஜெபங்களை எழுத ஆரம்பித்தேன். விடிந்ததும் எழுதுவேன், சாப்பிட்டுவிட்டு எழுதுவேன். ஏழு நாளில் முக்கால் நோட்டு தீர்ந்தது. எழுத எழுத மனசு இன்னும் கலங்கியதே தவிரத் தெளியவில்லை.

எட்டாம் நாள் சேவியர் வந்தான். தினமும் வேலை முடிந்து வந்து, பேச முடியாத என்னிடம் ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போவான். மாதா கோயிலில் எனக்காக மெழுகுவர்த்தி ஏற்றியதாகச் சொல்லி, அந்தப் பழக்கம் இல்லாத நம் சபைக்குத் தெரிய வேண்டாம் என்று கேலியும் செய்வான். அன்று மேசையில் கிடந்த நோட்டைப் புரட்டினான். பிடுங்கப் போனேன், தரவில்லை. நாலு பக்கம் படித்தான். முதலில் சிரித்தான். பிறகு சிரிக்கவில்லை.

"ஏலே தங்கராசு, என்னலே எழுதி வச்சிருக்க? மொதல்ல இதச் செய்யும், பொறவு அதச் செய்யும், இந்த டாக்டர் மனச இங்கன திருப்பும், வியாழக்கெழமைக்குள்ள முடியும்னு... எனக்குக் கை காட்டுத மாதிரில்லா ஆண்டவருக்குக் காட்டிருக்க. நான் மேல இருக்கேன், எனக்கு ஹோல்டு தெரியாது, நீ காட்டணும். அவருக்குமா தெரியாது?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எழுந்து உள்ளே போய்விட்டேன். அவன் டீயைக் குடித்துவிட்டு, சுகந்தியிடம் சொல்லிக்கொண்டு போய்விட்டான். அதன் பிறகு நோட்டை எடுத்துப் பார்த்தேன். அவன் சொன்னது உண்மை. பக்கத்துக்குப் பக்கம் தூக்கும், இறக்கும், அங்கே வேண்டாம், இங்கே வையும். இருபது வருஷப் பழக்கம். மேலே இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது, நான் சொல்லாவிட்டால் பாரம் யார் தலையிலாவது விழும் என்று பயந்தே ஜெபித்திருக்கிறேன். சபையில் அத்தனை சத்தமாக ஜெபித்ததும் அந்தப் பயத்தில்தானா? தெரியவில்லை.

அடுத்த நாள் காலையில் நோட்டைத் திறந்தேன். பேனாவைப் பிடித்த கை எழுதப் போனது. கீழே வைத்துவிட்டேன். இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். தரிசனமோ சத்தமோ ஒன்றும் இல்லை. பயமும் போகவில்லை. ஆனால் அந்தப் பயத்தை நான் மட்டும் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை என்று தோன்றியது. அன்று பல நாளைக்குப் பிறகு பசி எடுத்தது. நாலு தோசை சாப்பிட்டேன், சுகந்தி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

முடிவு வந்தது. புற்று இல்லை. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

இனிமேல் பேசிப் பாருங்கள் என்றார் டாக்டர். முதல் வார்த்தை ஸ்தோத்திரமாக இருக்க வேண்டும் என்று பத்து நாளாக நினைத்து வைத்திருந்தேன். வாயில் வந்தது "சுகந்தி". கல்யாணம் ஆன நாளிலிருந்து "ஏளா" என்பதைத் தவிர வேறு எப்படியும் இவளை நான் கூப்பிட்டது கிடையாது. அவள் அழுதாள். இந்த வரியை வாசிக்காமல் தாண்டக்கூடாது என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

இனி புரியாதவற்றைச் சொல்கிறேன். நான் பேனாவை வைத்த காலையில் அந்தச் சதை ஏற்கெனவே பரிசோதனைக்குப் போயிருந்தது. அப்படியென்றால் என் ஜெபத்துக்கு முன்னாலேயே பதில் இருந்ததா? எந்த ஜெபத்துக்கு? அக்கா எண்ணெய் என்கிறாள், சேவியர் மெழுகுவர்த்தி என்கிறான், டாக்டர் சிரிக்கிறார். நான் கேட்டது முழுக் குரல். கிடைத்தது பாதி. இனி வாழ்நாளில் கத்தக்கூடாதாம். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் தை மாதம் மறுபடியும் ஹோல்டு விளிம்பில் நின்றேன். வாக்கி டாக்கி இல்லை, கை மட்டும்தான். மெதுவாகக் காட்டுகிறேன், சேவியர் மெதுவாக இறக்குகிறான். வீட்டில் இப்போது நானும் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்கிறேனாம், முன்பெல்லாம் நான் மட்டும்தான் பேசுவேனாம், சுகந்தி சொல்கிறாள். அந்த நோட்டில் மிச்சம் இருந்த தாள்களில்தான் இந்தச் சாட்சியை எழுதியிருக்கிறேன்.

சுகந்தி வாசித்து முடித்ததும் நீங்கள் பாடுவீர்கள். நான் மூன்றாவது பெஞ்சில் இருக்கிறேன். என் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி நானும் பாடுவேன். உங்களில் யாருக்காவது தலைக்கு மேல் பாரம் தொங்கிக்கொண்டிருந்தால், அது எங்கே இறங்கும் என்று தெரியாமல் கையை ஆட்டி ஆட்டி ஓய்ந்திருந்தால், கொஞ்சம் கையைக் கீழே போட்டுப் பாருங்கள். மேலே இருப்பவருக்கு ஹோல்டு தெரியும்.