அம்மை போட்ட மீன்

கறுப்பு மீன் குழாய்த் தண்ணீர் விழும் இடத்திலேயே நின்றது. அதுதான் முதல் அறிகுறி. அன்றைக்கு எனக்கு அப்படித் தெரியவில்லை. குளிர்ச்சிக்கு நிற்கிறது என்று நினைத்துக்கொண்டு அரிசி களையப் போய்விட்டேன்.

உங்கள் வீட்டிலும் கோய் மீன் (ஜப்பான் வண்ணக் கெண்டை) இருந்து, அது தின்னாமல் ஒரே இடத்தில் நின்றால் இதைப் படியுங்கள். நான் மருத்துவம் படித்தவள் இல்லை. எங்கள் தொட்டியில் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் மலேசியாவில் ஈப்போ நகரைச் சுற்றியிருந்த ஈய லம்பங்கள் (ஈயச் சுரங்கங்கள்) ஒவ்வொன்றாக மூடின. என் வீட்டுக்காரர் வேலை பார்த்த லம்பமும் மூடியது. அங்கே பம்பு ஓட்டியதோடு முதலாளி வீட்டு மீன் குளத்தையும் அவர்தான் பார்த்துவந்தார். முதலாளி ஊரைவிட்டுப் போகும்போது நான்கு மீன்களை இவரிடம் கொடுத்தார். நாங்கள் இருந்தது துண்டு போட்டு விற்ற ரப்பர் தோட்டத்தில். வீட்டுக்குப் பின்னால் ரப்பர் பால் சேர்த்து வைக்கிற பழைய சிமெண்டுத் தொட்டி சும்மா கிடந்தது. அதைத் தேய்த்துக் கழுவி மீன்களை விட்டார்.

வேலை போனதிலிருந்து அவருக்குப் பேச்சு குறைந்தது. பிறகு நின்றே போனது. கூப்பிட்டால் சாப்பிட வருவார். மற்ற நேரமெல்லாம் தொட்டி ஓரப் பலகையில் உட்கார்ந்திருப்பார். மீன் மேல் எனக்குத் தனி ஆசை கிடையாது. மீனும் போய்விட்டால் இந்த மனிதர் சாப்பிடக்கூட எழுந்து வரமாட்டார் என்பதுதான் என் பயம்.

அந்தச் சமயம் சுங்காய் ஊரிலிருந்து என் நாத்தனார் தாயம்மா வந்திருந்தாள். வெள்ளை மீனின் கன்னத்தில் பொடிப்பொடியாகப் புள்ளிகள் இருப்பதை அவள்தான் பார்த்தாள்.

“அண்ணி, இது அம்மைலா. ஆத்தா வந்திருக்கா.”

“மீனுக்குமா?”

“மாட்டுக்கு வருது, கோழிக்கு வருது. மீனு என்ன ஒசத்தியா?”

அம்மைக்கு மருந்து கொடுப்பது எங்கள் வழக்கத்தில் இல்லை. தொட்டியில் கொத்துக்கொத்தாக வேப்பிலை போட்டோம். தாயம்மா மஞ்சளைக் கரைத்து ஊற்றினாள். வீட்டில் தாளிப்பு நின்றது. நெத்திலி வறுக்கவும் அவள் விடவில்லை. “மீனுக்கே அம்மைங்கிறப்ப மீனு திங்கிறதா? நல்லாருக்குலா ஒங்க நியாயம்” என்றாள். என் வீட்டுக்காரர் ரசச் சோற்றைத் தின்றுவிட்டுத் தொட்டிக்குப் போவார்.

கறுப்பு மீன் செத்தது. அதன் உடம்பில் ஒரு புள்ளிகூட இல்லை. புள்ளி போட்ட வெள்ளை நன்றாக நீந்திக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் இது அம்மைதானா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. சிவப்பு மீனும் அப்போது குழாயடிக்கு வந்திருந்தது.

பக்கத்து வீட்டில் டிரெஸர் ஐயா (தோட்ட ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர்) இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வு பெற்றவர். தோட்டத்தில் மலேரியா இரத்தம் பார்த்த பழைய மைக்ரோஸ்கோப்பை (பொடியதைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி) இன்னும் வைத்திருந்தார். நான் யார் வீட்டுக்கும் போய்ப் பேசுகிறவள் இல்லை. செத்த மீனைத் தட்டில் வைத்துக்கொண்டு வேலியோரம் நின்றேன். அவராகவே பார்த்துக் கூப்பிட்டார்.

“பிள்ளை, நான் மனுசருக்கு மருந்து குடுத்தனான். மீனை எனக்குக் குழம்பிலைதான் தெரியும்.”

சொல்லிக்கொண்டே செவுள் மூடியைத் தூக்கினார். நல்ல செவுள் சேவல் கொண்டைபோலச் சிவந்திருக்கும். இது வெளுத்து, சளி கட்டிக் கிடந்தது. நுனியில் கொஞ்சம் வெட்டிக் கண்ணாடியில் வைத்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். நூல் மாதிரிப் புழுக்கள் ஒரு முனையால் கடித்துப் பிடித்துக்கொண்டு நீண்டு சுருங்கின. செவுள்தான் மீனின் நுரையீரல் என்றார். அதனால்தான் அவை காற்றுக் கலந்து விழும் தண்ணீரைத் தேடி நின்றிருக்கின்றன.

பிறகு தொட்டிக்கு வந்தார். “எப்ப தொடக்கம் இப்பிடி நிக்குது?” என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன்.

“நீர் பொறும் பிள்ளை. அவரைக் கேக்கிறன்.”

என் வீட்டுக்காரர் தண்ணீரைப் பார்த்தபடி பேசினார்.

“மழ விட்டதிலேருந்து. மொதல்ல கறுப்பு. இப்ப செவப்பு. ஒரு பக்கச் செவுளுதான் ஆடுது, மறுபக்கம் மூடிக்கிட்டே இருக்கு.”

“இந்த வெள்ளையிலை இருக்கிற புள்ளி?”

“அது நோவு இல்லீங்க. ஆம்பள மீனு. பருவத்துக்கு வந்தா கன்னத்துல அப்படி மொளைக்கும். மொதலாளி வீட்டுல வருசா வருசம் பாத்துருக்கேன்.”

தாயம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். “ஏண்ணே, இத ஒரு வார்த்த சொல்லக் கூடாது? ரசமா குடிக்க வெச்சு எங்கள வதைச்சியேலா.”

“என்னைய யாரு கேட்டா?”

அவள் போய் வேப்பிலையை அள்ளி வெளியே போட்டாள்.

புண் கழுவ வைத்திருந்த பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை (ஊதா நிற மருந்துப் பொடி) டிரெஸர் ஐயா கொண்டுவந்தார். டிரம்மில் கரைத்து மீனைச் சற்று நேரம் அதில் விட்டு எடுத்தோம். மீன் சாய்ந்தால் உடனே எடுத்துவிட வேண்டும். அளவை நான் இங்கே எழுதவில்லை. கூடிப்போனால் அந்த மருந்தே செவுளை எரித்துவிடும். தெரிந்தவரைக் கேட்டுச் செய்யுங்கள். மீனை ஈரக் கையால் பிடியுங்கள். எங்கள் குழாயில் வந்தது ஓடைத் தண்ணீர்; உங்களுடையது டவுன் தண்ணீர் என்றால் ஒரு நாள் வாளியில் வைத்து, குளோரின் (தண்ணீரில் போடும் கிருமி மருந்து) போன பிறகே ஊற்றுங்கள்.

மறுநாளே சிவப்பு இரை எடுத்தது. தாயம்மா நெத்திலியை எண்ணெயில் போட்டாள். டிரெஸர் ஐயா சிரிக்கவில்லை. “புழு செத்திட்டுது. முட்டை சாகாது. அது பொரிக்குமட்டும் இருந்து திரும்பச் செய்யோணும்” என்றார்.

இந்த இடத்தில்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். மீன் நன்றாக நீந்துகிறது. நாம் நோய் பொரிப்பதற்குக் காத்திருக்க வேண்டும். காலையில் தொட்டிக்குப் போய், புழு பொரித்த அறிகுறி உண்டா என்று பார்த்துவந்து, “இன்னைக்கி இல்ல” என்பார் என் வீட்டுக்காரர். வீட்டில் அதுதான் பேச்சு. ஒருநாள் சிவப்பு அரிப்பெடுத்துத் தொட்டிச் சுவரில் உடம்பைத் தேய்த்தது. வந்து, “இன்னைக்கி” என்றார். அவரே மருந்தைக் கரைத்தார்.

மூன்று மீன்கள் பிழைத்தன. சிவப்பின் ஒரு பக்கச் செவுள் மூடி சரியாகப் படியவில்லை. உள்ளே சிவப்பாகத் தெரியும். அதோடு வருஷக்கணக்கில் இருந்தது. அவரும் பழையபடி பேசவில்லை. கேட்டால் சொல்வார். கேட்க நானும் பழகிக்கொண்டேன்.

என்னிடமும் ஒன்று மாறியது. சிறு வயதிலிருந்து பெரட்டு மணிக்கு (விடியும் முன் தோட்டத்தில் ஆள் எண்ணும் மணி) எழுந்து ஓடிய உடம்பு இது. மூச்சு என்று ஒன்று இருப்பது சளி பிடித்தால்தான் தெரியும். இப்போது விழித்ததும் எழுவதில்லை. விலா விரிகிறது, அடங்குகிறது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக் கிடக்கிறேன். உடம்பு எப்படி என்று யாராவது கேட்டால், முன்பெல்லாம் நல்லாருக்கேன் என்று சொல்லிவிடுவேன். இப்போது, “இன்னைக்கி நல்லாருக்கு” என்கிறேன். பொய் சொல்லாமல் சொல்லக்கூடியது அவ்வளவுதான்.