கடல் நிலை: அமைதி

என் கணவர் எனக்கு எழுதிய கடிதம் எதுவும் 'அன்புள்ள' என்று தொடங்கியதில்லை. 'வடக்கு 6, கிழக்கு 93' என்றுதான் தொடங்கும். அதற்குக் கீழே 'கடல் நிலை: அமைதி' என்று இருக்கும். மூன்றாவது வரியில்தான் நான் சாப்பிட்டேனா, தூங்கினேனா என்று விசாரிப்பார். இந்த வழக்கத்தை ஏற்படுத்தியது நான்தான் என்பதால் குறை சொல்லவும் வாயில்லை.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அவர் சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்த்தார். நான் செங்கல்பட்டில் ஒரு பெண்கள் பள்ளியில் புவியியல் டீச்சர். கல்யாணமான நாற்பதாவது நாள் அவர் கப்பலுக்குக் கிளம்பினார். "எங்க இருக்கீங்கன்னு மட்டும் எழுதுங்க மச்சான், அது போதும்" என்றேன். கப்பலின் சாப்பாட்டு அறையில் ஒரு பலகை உண்டாம். தினமும் மதியம் கப்பல் எந்த அட்சரேகையில், எந்தத் தீர்க்கரேகையில் இருக்கிறது என்று அதில் சாக்பீஸால் எழுதுவார்களாம். அதைப் பார்த்து எனக்கு எழுதினார். கடல் எப்படி இருக்கிறது என்ற வரியை அவராகச் சேர்த்துக்கொண்டார்.

என்னிடம் பள்ளிக்கூட அட்லஸ் ஒன்றும், ஒரு டிரான்சிஸ்டரும், கோடு போட்ட நோட்டு ஒன்றும் இருந்தன. மாலைச் செய்தி முடிந்ததும் வானிலை அறிக்கை வரும். தென்கிழக்கு வங்கக்கடல், அந்தமான் கடல், மன்னார் வளைகுடா என்று அந்தக் குரல் ஒவ்வொரு பக்கமாகப் போய்வரும். நான் தேதி போட்டு நோட்டில் எழுதுவேன். பிறகு அட்லஸில் பென்சிலால் புயலுக்கு ஒரு வட்டமும், கடிதத்தில் வந்த கப்பலுக்கு ஒரு புள்ளியும் வைப்பேன். கடிதம் வந்துசேர இரண்டு மூன்று வாரம் ஆகும். ஆகவே என் புள்ளிகள் எல்லாம் பழைய கப்பல்கள், வட்டங்கள் மட்டும் புதியவை. இது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் தினமும் வைத்தேன். மாடிப் போர்ஷனில் தனியாக இருக்கிறவளுக்குச் சாயங்காலம் ஆறரை மணிக்குச் செய்ய ஏதாவது வேண்டும்.

நிலநடுக்கோட்டை ஒட்டிய கடலில் புயல் உருவாகாது. பூமி சுற்றுவதால் காற்றுக்குக் கிடைக்கிற திருப்பம் அங்கே கிடையாது. இதை வருஷா வருஷம் ஒன்பதாம் வகுப்புக்குப் போர்டில் படம் போட்டு நடத்துவேன். அவருடைய கடிதத்தில் வடக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று சின்ன எண்கள் வந்தால் அன்று எனக்கு நல்ல தூக்கம். எண் பத்தைத் தாண்டினால் பசி எடுக்காது. அவர் மொரிஷியஸ் பக்கம் போனால் இன்னும் மோசம். அங்கே புயல் நம் ஊர்ப் புயலுக்கு எதிர்த் திசையில் சுற்றும், நம் வானொலியோ அதைப்பற்றி மூச்சு விடாது.

ஒரு வருஷம் ஆகஸ்டில் அவர் கிளம்பிப் போன பிறகுதான் நான் கர்ப்பமாக இருப்பது தெரிந்தது. மூன்று மாதம் தாண்டட்டும், பிறகு எழுதலாம் என்று இருந்தேன். தாண்டவில்லை. அக்டோபரில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். கோவளத்திலிருந்து அம்மா வந்து பார்த்துக்கொண்டாள். டாக்டரம்மா இனி பயமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "இதெல்லாம் அவருக்கு எழுதிகினு இருக்காத. கடல்ல கீற மனுசன், மனசு கலங்கிடும்" என்றாள்.

எனக்கும் அது சரியென்று பட்டது. 'இங்கு நலம். நல்ல மழை. ஏரி நிரம்பிவிட்டது' என்று எழுதினேன். அது பொய்யில்லை, ஏரி நிரம்பித்தான் இருந்தது. அம்மா ஊருக்குத் திரும்பிப் போனாள். நான் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பருவக்காற்று நடத்தினேன்.

நவம்பர் ஒன்பதாம் தேதி கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. எட்டாம் தேதி அங்கிருந்து கிளம்பிக் கல்கத்தா போகிறோம் என்று எழுதியிருந்தார். முதல்முறையாக என் கையில் பழைய கப்பல் இல்லை, இன்றைய கப்பல் இருந்தது. மறுநாள் மாலை வானொலியில், சென்னைக்குத் தென்கிழக்கே புயல் மையம் கொண்டிருக்கிறது, மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்றார்கள். அட்லஸில் வட்டம் போட்டேன். கொழும்பிலிருந்து இலங்கையைச் சுற்றிக் கல்கத்தாவுக்குக் கோடு போட்டேன். கோடு வட்டத்தின் நடுவே போயிற்று.

மறுநாள் பள்ளிகளுக்கு மழை விடுமுறை. வீட்டில் உட்கார முடியாமல் திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறி மாமல்லபுரம் போய் இறங்கினேன். போய் என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டால் எனக்கே தெரியாது. புவியியல் படித்தவள், ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கப்பலைக் கரையில் நின்று தேடப் போனேன்.

படகுகளையும் கட்டுமரங்களையும் ரோட்டோரம்வரை இழுத்துப் போட்டிருந்தார்கள். கடல் சாம்பல் நிறத்தில் எழும்பி எழும்பி விழுந்துகொண்டிருந்தது. குடை நிற்கவில்லை. வலையை மூடிக்கொண்டிருந்த ஒரு மீனவப் பெண் என்னைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"இன்னாம்மா, இந்தக் காத்துல கடலப் பாத்துகினு நிக்கிற?"

"எங்க வீட்டுக்காரர் கப்பல்ல இருக்காரு."

"எந்தப் பக்கம்?"

கையை நீட்டிக் காட்டினேன். அவளும் அந்தப் பக்கம் பார்த்தாள்.

"கப்பலு பெருசும்மா. எங்காளுங்க படகா இன்னா? நீ இங்க நின்னா காத்து கொறஞ்சிடுமா? வூட்டுக்குப் போ."

அவளுடைய புருஷன் பக்கத்துக் கொட்டகையில் நாலு பேரோடு சீட்டாடிக்கொண்டிருந்தான். கடலுக்குப் போக முடியாததால் இரண்டு நாளாக வீட்டில் அவன் தொல்லை தாங்கவில்லை என்று அலுத்துக்கொண்டாள். எனக்குப் பொறாமையாக இருந்தது. அப்படி ஒரு தொல்லை எனக்கு வாய்க்கவில்லையே என்று அவள் முன்னாலேயே அழுதுவிட்டேன். கப்பலுக்காக அழுகிறேன் என்று அவள் நினைத்தாள். அக்டோபருக்காகவும் சேர்த்துத்தான் அழுதேன். என்னவென்று கேட்டிருந்தால் முன்பின் தெரியாத அவளிடம் எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். அவள் டீ வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டாள்.

பன்னிரண்டு நாள் கழித்துக் கல்கத்தா தபால் முத்திரையோடு கடிதம் வந்தது. பத்தாம் தேதி மதியம் எழுதியது. 'வடக்கு 11, கிழக்கு 84. கடல் நிலை: அமைதி. குளம் மாதிரி கிடக்கிறது.'

அவர் உயிரோடு இருக்கிறார் என்று உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்ததும் கோபம் வந்தது. வடக்கு பதினொன்று, கிழக்கு எண்பத்துநான்கு. அது என் வட்டத்தின் நட்டநடு. குளமாம்! தகர டப்பாவிலிருந்த அத்தனை கடிதங்களையும் எடுத்து நோட்டோடு தேதி தேதியாக ஒத்துப் பார்த்தேன். ஜூலை மாதத்து அரபிக்கடல் அமைதி. டிசம்பர் வங்கக்கடல் அமைதி. அந்தப் பெருங்கடலில் என் கணவரின் கப்பல் போன இடத்தில் மட்டும் ஒரு அலைகூட எழும்பியதில்லை. இத்தனை நாள் நான் யாருடன் பேசிக்கொண்டிருந்தேன் என்று தோன்றியது. அதற்கு முன்பும் தனியாகத்தான் இருந்தேன். ஆனால் அன்றுதான் அது உறைத்தது.

ஏப்ரலில் அவர் விடுமுறையில் வந்தார். சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்தேன். பிறகு அட்லஸையும் நோட்டையும் கடிதத்தையும் அவர் முன்னால் பரப்பினேன். கையும் களவுமாகப் பிடித்த போலீஸ்காரர் தோரணை எனக்கு.

"இது குளமா மச்சான்?"

அவர் வட்டத்தைப் பார்த்தார். "அன்னைக்கு எஞ்சின் ரெண்டு வாட்டி நின்னுடுச்சு. நாங்க அவ்ளோதான்னு நெனச்சோம்" என்றார். "உனக்கு எழுதி இன்னா ஆவப்போவுது டீச்சர்? லெட்டர் வர்றதுக்குள்ள கடலே அடங்கிடும்."

"அடங்கினா என்ன, எனக்குத் தெரிய வேணாமா?" என்று கத்தினேன். வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். பொய் சொல்கிற ஆளோடு எப்படி வாழ்வது என்றும் கேட்டேன். அவர் என் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு நாளும் ஒரு நாள்கூட விடாமல் எழுதியிருப்பதைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டே வந்தவர், அக்டோபர் பக்கத்தில் நின்றார். தேதி மட்டும் போட்டு மூன்று வரி காலியாக இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகு தேதியைப் போட்டிருக்கிறேன். எழுத ஒன்றும் இல்லை.

அந்த இடத்தில் விரலை வைத்து, "இந்த மூணு நாளு மட்டும் எங்கியும் காத்தே அடிக்கலியா?" என்று கேட்டார்.

விளையாட்டாகத்தான் கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சொல்ல வேண்டிய நேரம் அதுதான். ஒரு நிமிஷம் முன்னால்தான் பொய்யைப் பற்றி அவ்வளவு பேசியிருக்கிறேன்.

"பேட்டரி தீர்ந்துபோச்சு" என்றேன்.

அவர் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். "சரி" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கீழே போனார். ஆறு பேட்டரிக் கட்டைகளை வாங்கிவந்து டிரான்சிஸ்டர் பக்கத்தில் வைத்தார். அதைப்பற்றி மறுபடி பேசவில்லை. ஜூனில் கிளம்பிப் போனார். அந்தப் பேட்டரிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கும்.

ஜூலைக் கடைசியில் முதல் கடிதம் வந்தது. 'வடக்கு 17, கிழக்கு 61. கடல் நிலை: ரொம்ப மோசம். நாலு நாளாக யாரும் சாப்பிடவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது டீச்சர். உன் கை வேண்டும்போல இருக்கிறது.' அவ்வளவுதான் எழுதியிருந்தார். கையெழுத்து கோணல்மாணலாக ஓடியிருந்தது.

அதை வைத்துக்கொண்டு இரண்டு நாள் திரிந்தேன். மூன்றாம் நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் உட்கார்ந்து, அக்டோபரில் நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதினேன். கடைசியில், 'அந்த மூன்று நாளும் பேட்டரி நன்றாகத்தான் இருந்தது. கேட்க நான் வீட்டில் இல்லை' என்று முடித்தேன். தபால் பெட்டியில் போட்ட மறுநிமிஷமே கையை உள்ளே விட்டு எடுத்துவிடலாமா என்று இருந்தது.

பதில் வர நாற்பது நாளுக்கு மேல் ஆயிற்று. அந்த நாட்களில் வானிலை அறிக்கையைக் கேட்டேன், ஆனால் வட்டம் போடவில்லை. செப்டம்பரில் கடிதம் வந்தது. படியில் நின்றே பிரித்தேன். இடம் இல்லை, எண் இல்லை, கடல் எப்படி இருக்கிறது என்ற வரியும் இல்லை. தாளின் நடுவில் ஒரே ஒரு வரி இருந்தது.

'உனக்கு ரொம்ப வலித்ததா?'

கிட்டத்தட்ட ஒரு வருஷத்தில் அதை யாரும் என்னிடம் கேட்டிருக்கவில்லை. இனி பயமில்லை என்றார்கள், வயசிருக்கிறது என்றார்கள், எழுதாதே என்றார்கள். நான் பையைக்கூட இறக்கி வைக்காமல், பிள்ளைகளின் நோட்டுத் திருத்த வைத்திருந்த சிவப்பு மைப் பேனாவால், அந்தத் தாளின் பின்புறத்திலேயே பதில் எழுதினேன்.

'ஆமாம் மச்சான். ரொம்ப வலித்தது.'